எந்த வீட்டுக்கு எந்தப் பழம்

"இந்தக் கைக்கு வந்த ஒரு பொருள்கூட இதுவரைக்கும் குப்பைத்தொட்டியப் பார்த்தது கிடையாது. இனிமேலும் பார்க்காது. எழுதி வச்சுக்கோங்க!"

குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், மைக்கைப் பிடித்துக்கொண்டு பட்டன் அக்கா இப்படி முழங்கினார். கட்டடத்தில் குப்பை பெருகிவிட்டதே, யார் வீட்டிலிருந்து இவ்வளவு வருகிறது என்று செயலாளர் பொதுவாகக் கேட்டிருந்தார். பொதுவாகக் கேட்கப்படும் கேள்விகள் எல்லாமே தன்னை மனதில் வைத்துத்தான் கேட்கப்படுகின்றன என்பது அக்காவின் அசைக்க முடியாத கருத்து. கூட்டம் கைதட்டியது. மைக் கைமாறினால் போதும் என்று தட்டியவர்களும் அதில் உண்டு என்றாலும், சரித்திரம் கைதட்டலைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறது, காரணத்தை அல்ல.

அக்கா சொன்னதில் பொய் இல்லை. தரைத்தளத்தில், லிஃப்ட்டுக்குப் பக்கத்தில், சங்கத்துக்குச் சொந்தமான ஒரு சின்ன அறையில் அவர் துணி ஆல்டர் செய்துகொண்டிருந்தார். கால்சட்டை நீளம் குறைப்பது, ரவிக்கை பிடிப்பது, ஜிப் மாற்றுவது. பழைய சட்டைகளிலிருந்து கழற்றிய பட்டன்கள் அங்கே கண்ணாடி ஜாடிகளில் நிறவாரியாக அடுக்கப்பட்டிருந்ததால்தான் அவருக்கு அந்தப் பெயர். பெற்றோர் வைத்த பெயரை அவருடைய கணவரே யோசித்துத்தான் சொல்வார். வெட்டிய ஓரத்துணிகள் தலையணைக்குள் போயின. லிஃப்ட் மெக்கானிக்கான அந்தக் கணவர், கட்டடத்து ஆண்கள் அத்தனை பேருடைய கால்சட்டை முனைகளின் மேலும் தலை வைத்துத்தான் தினமும் தூங்கினார்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வேர் உண்டு. இளம் வயதில் அக்கா ஒரு சீருடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஆண்டுக்கணக்கில் சட்டையின் இடதுகை மட்டும் தைத்தார். வலதுகை எந்த மேசையில் தைக்கப்பட்டது என்பதுகூட அவருக்குத் தெரியாது. சாயங்காலம் வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே போகலாம். ஒருநாள் அவருடைய முந்தானையில் ஒட்டிக்கொண்டிருந்த விரல் அகலத் துணியைக் காவலாளி இரண்டு விரலால் எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே குப்பையில் போட்டான். துண்டை எடுத்தது அக்காவைச் சுடவில்லை. எடுத்ததைக் குப்பையில் போட்டதுதான் சுட்டது. அன்றிலிருந்து இரண்டு விஷயங்கள் அவருடன் ஒட்டிக்கொண்டன: எதையும் எறிவதில்லை, யாரையும் நம்புவதில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான், முதல் மாடியில் குடியிருக்கும் நாத்தனார் ஒரு ஜாம் பாட்டிலை நீட்டினாள்.

கல்யாணமான காலம் தொட்டு நாத்தனார் அக்காவுக்குக் கொடுத்தது யோசனை ஒன்றுதான். பொருளாக எதுவும் வந்ததில்லை. ஆகவே அக்கா பாட்டிலைத் தொடாமல் குனிந்து பார்த்தார். உள்ளே வெள்ளையாக ஏதோ கொழகொழவென்று இருந்தது. மேலே குமிழிகள்.

"என்ன அண்ணி, பாம்பப் பார்க்கற மாதிரி பார்க்கறீங்க?"

"மூச்சு விடுதே இது?"

"உயிரோட இருக்கு, விடத்தான் செய்யும். சவர்டோ ரொட்டிக்கு ஸ்டார்ட்டர் அண்ணி. ஈஸ்ட்டே வேணாம், மாவு தானே புளிச்சுப் பொங்கும். தினமும் பாதிய எடுத்துக் கீழ போட்டுட்டு, மீதிக்குக் கொஞ்சம் மைதாவும் தண்ணியும் ஊத்திக் கலக்கிடுங்க. அவ்வளவுதான்."

"பாதிய எடுத்து?"

"கீழ போட்டுடணும்."

"கீழன்னா?"

"கீழன்னா குப்பையிலதான். பின்ன, சாமான் பெட்டியிலயா?"

அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அன்று மாலை கணவர் ஸ்பேனரைக் கீழே வைப்பதற்குள் விசாரணையைத் தொடங்கினார்.

"உங்க தங்கச்சி எதுக்கு எனக்கு ஸ்டார்ட்டர் குடுக்கறா?"

"மோட்டார் ஸ்டார்ட்டரா? எத்தனை ஹெச்பி?"

"மாவு! புளிச்ச மாவு!"

"ஆசையா குடுத்திருப்பா, விடு."

"யாரு? உங்க தங்கச்சி? ஆசையா?"

கணவர் யோசித்தார். அவருக்கும் தன் தங்கையைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். "அதானே," என்றார்.

"கூட்டத்துல நான் பேசினேன்ல, எல்லாரும் கைதட்டினாங்கள்ல. அது அவளுக்கு வயித்தெரிச்சல். தினமும் பாதி மாவைக் கீழ போட வச்சு, என்னைத் தொட்டி வரைக்கும் நடக்க வைக்கணும்னு திட்டம். நான் நடப்பேனா?"

அக்கா நடக்கவில்லை. மாவை வாங்கி வைத்துக்கொண்டார், வளர்த்தார், ஒரு துளிகூட எறியவில்லை. எதிரியின் ஆயுதத்தை வைத்தே எதிரியைத் தோற்கடிக்கும் போர் முறை இது. இதில் ஒரே ஒரு சிக்கல், எதிரி வளர்ந்துகொண்டே போனான். ஒரு பாட்டில் இரண்டாயிற்று, இரண்டு நான்காயிற்று. காபித்தூள் டப்பா நிரம்பியது. பாத்திரங்கள் போதாமல் கடைசியில் கறுப்புப் பட்டன்களும் பழுப்புப் பட்டன்களும் ஒரே ஜாடிக்குள் குடித்தனம் வைக்க நேர்ந்தது. பெருக்கல் வாய்ப்பாட்டை அக்கா பள்ளியில் படித்திருந்தார். அது சமையலறைக்குள் வந்து மூடியைத் தள்ளும் என்று அங்கே யாரும் சொல்லித் தரவில்லை.

ரொட்டி சுட்டுப் பார்த்தார். செங்கல் வந்தது. பிறகு போனில் தேடி, மிஞ்சிய புளித்த மாவில் பழ மஃபின் செய்யலாம் என்று கண்டுபிடித்தார். இரண்டு கரண்டி புளித்த மாவு, முட்டை, எண்ணெய், சர்க்கரை, கொஞ்சம் மைதா. கடைசியில் ஒரு சிட்டிகை சமையல் சோடா. புளிப்பில் சோடா பட்டதும் கலவை நுரைத்து எழும்பியது. பழத்தை நறுக்கிப் போட்டு, காகிதக் கிண்ணங்களில் முக்கால் அளவு ஊற்றி ஓவனுக்குள் தள்ளினார். வெந்துவிட்டதா என்று பார்க்க மெத்தை தைக்கும் நீள ஊசியால் நடுவில் குத்தினார். ஊசியில் மாவு ஒட்டாமல் வந்தது. மேலே பொன்னிறமாகக் குமிழ் கட்டி, லேசான புளிப்போடு, எதிரி மிகவும் ருசியாக இருந்தான்.

பழத்துக்கு வாசலில் தள்ளுவண்டிக்காரர் இருந்தார். கனிந்து, கறுத்து, யாரும் தொடாத பழங்களை அக்கா சாயங்காலத்தில் அள்ளி வந்தார். வண்டிக்காரருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"ஏம்மா, நல்லதை எல்லாம் தள்ளிட்டு அழுகப்போறதா பார்த்துப் பொறுக்கறீங்களே, வீட்ல குரங்கு எதுவும் வளர்க்கறீங்களா?"

"ஒண்ணு இருக்கு, லிஃப்ட் வேலைக்குப் போயிருக்கு. நிறுத்தாம போடுங்க."

இரண்டு பேர் எவ்வளவுதான் தின்ன முடியும்? அக்கா தட்டில் அடுக்கிக்கொண்டு கதவு கதவாகப் போனார். முதல் நாள் முதல் மாடி. அன்றைக்குக் கிடைத்தது வாழைப்பழம். அடுத்த முறை இரண்டாம் மாடி, அதாவது அவருடைய சொந்த மாடி. அன்றைக்குத் திராட்சை. அதற்கடுத்து மூன்றாம் மாடி. அன்று அடிபட்ட ஆப்பிள்தான் வண்டியில் நிறைய இருந்தது. இதைவிட எளிமையான நிகழ்ச்சியை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அந்தக் கட்டடத்தில் அதுவரை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு இலவசமாகப் போனது சத்தம் மட்டும்தான்.

மூன்றாம் மாடி நர்ஸம்மா மஃபினை வாங்கிக்கொண்டார், சிரித்தார், கதவைச் சாத்தினார். நேரே போய் அலமாரியைத் திறந்து, அக்கா தைத்துக் கொடுத்த சீருடைகளை எல்லாம் எடுத்து உதறி, தையல் தையலாகப் பார்த்தார். "எதையோ கெடுத்துட்டா, அதான் தின்னக் குடுத்துச் சமாதானம் பண்றா." ஒன்றும் கெட்டிருக்கவில்லை. அது அவருடைய கவலையை அதிகமாக்கியது.

அந்த வாரத்தில்தான் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஏறியது. தரைத்தள அறையின் ஒப்பந்தம் முடிகிறது. தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரரும் அதைக் கேட்டிருக்கிறார். யாருக்குக் கொடுப்பது என்று சிறப்புக் கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்யப்படும். அந்த அறை போனால் அக்காவின் பிழைப்பே போயிற்று. தையல் இயந்திரத்தை இரண்டாம் மாடி வீட்டுக்குள் ஏற்றிவிடலாம்தான். ஆனால் ஒரு பட்டனுக்காக யாரும் அடுத்தவர் வீட்டு மணியை அடிக்கமாட்டார்கள்.

இப்போது எல்லாருக்கும் எல்லாமும் புரிந்துவிட்டது. மஃபின் எதற்கு என்ற கேள்வி தீர்ந்தது. அடுத்த கேள்வி லிஃப்ட்டுக்குள் பிறந்தது.

"உங்களுக்கும் வந்துச்சா?" என்று கேட்டார் முதல் மாடி வங்கிக்காரர்.

"வந்துச்சே. ஆப்பிள்," என்றார் நர்ஸம்மா.

"ஆப்பிளா?" வங்கிக்காரர் லிஃப்ட் பொத்தான்களைக் கீழிருந்து மேலாக ஒருமுறை எண்ணினார். "எங்களுக்கு வாழைப்பழம்."

"வாழைப்பழமும் உடம்புக்கு நல்லதுதான் சார்."

"நல்லதுதான். மலிவும்தான்."

அன்றிரவுக்குள் கட்டடம் பழவாரியாகப் பிரிந்தது. நம் ஓட்டு எப்படியும் கிடைத்துவிடும் என்று மலிவாக நினைத்துவிட்டாளா என்று முதல் மாடி கொதித்தது. ஆப்பிள் கொடுக்கும் அளவுக்கு நம்மிடம் என்ன எதிர்பார்க்கிறாள் என்று மூன்றாம் மாடி நடுங்கியது. திராட்சை வாங்கிய இரண்டாம் மாடி, தாங்கள் எந்த இடத்தில் இருக்கிறோம் என்றே தெரியாமல் தவித்தது. எல்லாரும் மஃபினைத் தின்றுவிட்டார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

விஷயம் செயலாளரிடம் போயிற்று. அவரைப் பறக்கும்படை என்றுதான் கூப்பிடுவார்கள், முதுகுக்குப் பின்னால். பணிக்காலம் முழுவதும் தேர்வு அறைகளுக்குள் திடீரென்று நுழைந்து காப்பி அடிப்பவர்களைப் பிடித்தவர். ஒரு பையன் தும்மினால் பக்கத்து பெஞ்சுக்கு விடை போகிறது என்று குறித்துக்கொள்வார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் ஓய்வு பெறவில்லை. அவரும் மூன்றாம் மாடிக்காரர்தான். தன் பங்குக்கு வந்த மஃபினைச் செய்தித்தாளில் வைத்து, பல்குத்தும் குச்சியால் பிரித்துச் சோதித்தார். ஆப்பிள் அகப்படவில்லை. ஒரு துண்டுகூட இல்லை. அது அந்தச் சட்டியின் கடைசி மாவு, பழம் எல்லாம் முன்னாலேயே விழுந்துவிட்டிருந்தது. ஆனால் அவர் வேறு முடிவுக்கு வந்தார். "என்னை விலைக்கு வாங்க முடியாதுன்னு தெரிஞ்சிருக்கு," என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "இருந்தாலும் ஒரு துண்டு போட்டிருக்கலாம்," என்றார்.

சிறப்புக் கூட்டம் மாடிப்படிக்குக் கீழே நடந்தது. செயலாளர், தான் குச்சியால் பிரித்த மஃபினின் மீதியைப் பிளாஸ்டிக் பைக்குள் சீல் வைத்துத் தூக்கிக் காட்டினார்.

"இது என்ன?"

"மஃபின்," என்றார் அக்கா.

"எதுக்குக் குடுத்தீங்க?"

"மாவு மிஞ்சுது சார். எறிய மனசு வரல. அதான் சுட்டுக் குடுத்தேன்."

கூட்டம் சிரித்தது. உண்மைக்கு அந்தக் கட்டடத்தில் இதற்கு முன்பும் இப்படித்தான் வரவேற்பு இருந்திருக்கிறது.

"மிஞ்சின மாவுக்கு முட்டை வாங்கி, சர்க்கரை வாங்கி, கரண்ட் செலவு பண்ணி ஊருக்கே தானமா? அம்மா, நான் எத்தனையோ ஹால்ல எத்தனையோ கதை கேட்டவன். மூணாவது மாடிக்கு மட்டும் ஆப்பிள் ஏன்?"

"அன்னிக்கு ஆப்பிள்தான் அடிபட்டுக் கிடந்துச்சு."

"அடிபட்டதா!" என்று நர்ஸம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது நாத்தனார் எழுந்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். முடிந்தது கதை, அறை ஜெராக்ஸ்காரனுக்கு.

"அண்ணி சொல்றது நெசம்தான் சார்," என்றாள் நாத்தனார். "அந்த மாவை நான்தான் குடுத்தேன். எனக்கு ஆபீஸ்ல ஒருத்தி குடுத்தா. தினமும் பாதிய எறியணும்னா. எனக்கும் கை வரல. அதான் எறிய வேண்டிய பாதிய அண்ணிகிட்ட தள்ளிவிட்டேன்."

அக்கா கண்ணைத் திறந்தார். தன்னைக் காப்பாற்றத்தான் இவள் பேசுகிறாள் என்பது மூளைக்கு எட்டுவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"என்னது? அப்போ எனக்குக் குடுத்தது உன் வீட்டுக் குப்பையா?"

"குப்பைன்னு யாரு சொன்னா? எறிய மனசு வரலன்னுதானே சொன்னேன்!"

"எறிய வேண்டியதுன்னு சொன்னியா இல்லையா? ஆசையா குடுத்தியாக்கும்னு உங்க அண்ணன் சொன்னாரே!"

"நான் எங்க சொன்னேன்?" என்று பின்வரிசையில் கணவர் பதறினார்.

"ஊருக்கெல்லாம் அடிபட்ட ஆப்பிள் குடுத்துட்டு என்னைச் சொல்றீங்களே அண்ணி! எனக்கு வந்த வாழைப்பழம் மட்டும் என்ன, மரத்துலேர்ந்து பறிச்சதா?"

"தின்னும்போது தெரியலையோ? ரெண்டு கேட்டு வாங்கினியே!"

அதுவரை சந்தேகத்தில் கெட்டிப்பட்டிருந்த முகங்கள் இளக ஆரம்பித்தன. தானம் செய்கிறேன் என்றால் நம்பாதவர்கள், அண்ணியும் நாத்தனாரும் குப்பை யாருடையது என்று அடித்துக்கொள்வதை உடனே நம்பினார்கள். இப்படி யாராலும் நடிக்க முடியாது என்று வங்கிக்காரர் நர்ஸம்மாவிடம் சொன்னார். செயலாளர்கூட பிளாஸ்டிக் பையைக் கீழே வைத்துவிட்டார். கைகள் உயர்ந்தன. அறை அக்காவுக்கே.

ஆனால் பறக்கும்படை வெறுங்கையோடு திரும்பிய சரித்திரம் கிடையாது. மகள் வீட்டுக்குப் போயிருக்கும் சங்கத் தலைவர் திரும்பி வந்து கையெழுத்துப் போட்டால்தான் ஒப்பந்தம் செல்லும். அதுவரைக்கும் அக்கா வீட்டிலிருந்து ஒரு மஃபின் வெளியே போகக் கூடாது. போனால் தீர்மானம் ரத்து, அறை ஜெராக்ஸ் கடைக்கு. "சந்தேகத்துக்கு இடம் குடுக்கக் கூடாது பாருங்க," என்றார், சந்தேகத்துக்குத் தன் வீட்டிலேயே தனி அறை கொடுத்திருந்தவர்.

மாவுக்குத் தீர்மானம் தெரியாது. அது வளர்ந்தது.

கணவர் தின்றார். காலையில் தின்றார், வேலை முடிந்து வந்து தின்றார். சட்டைப் பட்டன்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன, அக்கா ஒவ்வொன்றாகத் தைத்தார். "போதும்மா," என்றார் அவர் ஒருநாள், "லிஃப்ட்டுல என்னை ஒருத்தனா கணக்குப் போட முடியல." அக்கா மாவைக் கரைத்துச் சட்டைக் காலருக்குக் கஞ்சியாகப் போட்டுப் பார்த்தார். காலர் விறைப்பாக நின்றது, எறும்பும் வரிசையாக நின்றது. நாத்தனாரிடமே திருப்பிக் கொடுக்கப் போனார். அவள் கதவைப் பாதி திறந்து, "அண்ணி, என்னோடதே நாலு பாட்டில் ஆயிடுச்சு," என்று மெல்லச் சொல்லி மூடிக்கொண்டாள். மொட்டைமாடிப் புறாக்களுக்குப் போடலாமா என்று செயலாளரிடமே கேட்டார்.

"புறா எங்க போய் உட்காரும்?" என்றார் அவர்.

"எங்கயாவது உட்காரும்."

"மூணாவது மாடி பால்கனியில உட்காரும். வாயில மஃபினோட. வேணாம்மா."

அதோடு நிற்கவில்லை. ஓவன் வாசனை படிக்கட்டு வழியாக மேலே வருகிறது, வாசனையும் ஒரு வகையில் ஆதரவு திரட்டுவதுதான் என்று சொல்லிவிட்டார். அக்கா ஓவனை அணைத்தார். சமையலறைச் சூட்டில் மாவு வேகமாகப் பொங்கியதால் பாட்டில்களைக் கீழே தையல் அறைக்குக் கொண்டுவந்து, மேசைக்கு அடியில் திரைபோட்டு மறைத்தார். யாராவது கால்சட்டை அளவு கொடுக்க வந்து நிற்கும்போது திரைக்குப் பின்னால் ஒரு மூடி "டப்" என்று எழும்பும். அவர்கள் திரையைப் பார்ப்பார்கள். அக்கா அவர்களைப் பார்ப்பார். "என்ன சத்தம்?" என்று யாரும் கேட்டதில்லை, ஆனால் அளவு கொடுத்த கையோடு வேகமாகப் போய்விட்டார்கள்.

தலைவர் வந்துவிட்டார் என்று ஒரு மத்தியானம் செயலாளர் வந்து சொன்னார். மறுநாள் காலை கையெழுத்து. அறையைத் தலைவர் நேரில் பார்க்க விரும்புகிறார். சொல்லிவிட்டுச் செயலாளர் மூக்கை லேசாக உறிஞ்சினார்.

"ஏதோ புளிச்ச வாடை வருதே?"

"மழைக்காலம் சார். துணி காயல," என்றார் அக்கா.

அவர் வானத்தைப் பார்த்தார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இன்னொரு முறை உறிஞ்சிப் பார்த்துவிட்டு லிஃப்ட்டுக்குப் போனார்.

அக்கா வாசல் கதவைச் சாத்தினார். திரையை விலக்கினார். எல்லாப் பாட்டில்களிலும் மாவு கழுத்துவரை வந்து, மூடியைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தது. ஒன்றில் வழிந்து, தைக்கக் கொடுத்திருந்த ஒரு நீலக் கால்சட்டைக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றிருந்தது. அக்கா முதலில் கால்சட்டையை எடுத்து உயரத்தில் மாட்டினார். இயந்திரத்தின் சக்கரத்தில் கை வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு பழைய செய்தித்தாளை விரித்தார்.

ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் கரண்டியால் எடுத்தார். பாதிக்கு மேல் எடுக்கவில்லை. துணியில் கோடு போடுவதைப் போலக் கண்ணால் அளந்து எடுத்தார். செய்தித்தாளை மடித்து, அதன்மேல் இன்னொன்று சுற்றி, நூலால் கட்டினார், ஏதோ டெலிவரி கொடுக்கப்போகும் துணிப்பொட்டலம் மாதிரி. முந்தானையால் மூடிக்கொண்டு வெளியே வந்தார்.

மத்தியான நேரம், படிக்கட்டில் ஆள் இல்லை. லிஃப்ட் மேலே எங்கேயோ நின்றிருந்தது. அக்கா வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், நாத்தனாரின் ஜன்னலைப் பார்த்தார். திரை அசைந்த மாதிரி இருந்தது. காற்றாகவும் இருக்கலாம். காற்றாக இருக்காது என்றே நினைத்தார், ஆனாலும் நடந்தார்.

கட்டடத்தின் பின்பக்கச் சுவரை ஒட்டி அது நின்றது. இத்தனை வருடங்களில் அதை அவர் கிட்டத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மூடியைத் தூக்கப் பார்த்தார், வரவில்லை. பிடி எங்கே இருக்கிறது என்று சுற்றிவந்து தேடினார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கீழே காலால் மிதிக்கும் கட்டை கண்ணில் பட்டது. தையல் இயந்திரத்தை மிதித்துப் பழகிய கால், உடனே புரிந்துகொண்டது. மூடி திறந்தது. பொட்டலத்தை எறியவில்லை, குனிந்து உள்ளே வைத்தார்.

பிறகு, மூடி சத்தம் போட்டுவிடாமல் இருக்க அதைக் கையால் பிடித்து, மெதுவாக இறக்கி விட்டார்.